‘எப்படித் தெரியும்’ என்ற கட்டம்

காலண்டர்தான் சார். இந்தக் கட்டில் ஐம்பது இருக்கிறது. மேலே வைத்தால் பிரேக் போடும்போது யார் தலையிலாவது விழும், அதனால்தான் மடியில் வைத்திருக்கிறேன். உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? கொஞ்சம் தள்ளிக்கொள்கிறேன். இல்லை, ஜன்னலோரம் நீங்களே இருங்கள். நான் புதுச்சத்திரத்தில் இறங்க வேண்டியவன்.

ஒன்று வேண்டுமா? தரலாம். தருவதற்குத்தானே தூக்கிக்கொண்டு அலைகிறேன். ஆனால் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரக்கூடாது. இந்த மாதம் பதினேழு பேர் அப்படித் தந்திருக்கிறார்கள். எண்ணி வைத்திருக்கிறேன். எண்ணுவதுதான் என் தொழில்.

பிரிக்காதீர்கள். முதலில் கேளுங்கள்.

கொங்குச்சேவல் இன்குபேட்டர்ஸ் என்று நாமக்கல்லில் ஒரு கம்பெனி. முட்டை பொரிக்கிற மெஷின் செய்கிறோம். பெரிய பண்ணைக்கு இல்லை. நாட்டுக்கோழி இருபது முப்பது வளர்க்கிறவர்களுக்கு, ஐம்பது முட்டை, நூறு முட்டை வைக்கிற பெட்டி. தெரியுமா? உங்கள் வீட்டிலும் கோழி உண்டா? சரி, அப்படியென்றால் தெரிந்திருக்கும். எங்கள் காலண்டரும் மாட்டியிருக்கிறதா? போன வருடக் கடைசியில் கொடுத்ததா?

அதில் தேதிக்குக் கீழே ஒரு வரி இருக்குமே, ‘இன்று முட்டை வைத்தால் பொரிக்கும் நாள்’ என்று. அதைப் பார்த்துத்தான் வைப்பீர்களா? ம். எல்லோரும் இதையேதான் சொல்கிறீர்கள்.

நான் அங்கே இணைய விளம்பரப் பிரிவுக்கு மேலாளர். பெயர் குணசீலன். பிரிவில் நான் ஒருவன்தான். அதற்கு முன் சேலத்தில் ஒரு நாளிதழில் விளம்பரம் பிடிக்கிற வேலை, இருபத்திரண்டு வருடம். அங்கே ஒரு ஜவுளிக்கடைக்காரர் என்னை ஒரு கேள்வி கேட்டார். “குணசீலன், தீபாவளிக்குக் கால் பக்கம் போட்டேன். எத்தன பேரு பாத்தாங்க?” நான் பேப்பர் எத்தனை பிரதி விற்கிறது என்று சொன்னேன். “அது நீங்க அச்சடிச்சது. பாத்தது எத்தன?” சார், அந்தப் பதில் யாரிடம் இருக்கும்? அடுத்த வருடம் அவர் விளம்பரம் இல்லை. அதற்கடுத்த வருடம் எங்கள் பிரிவே இல்லை. அவர் நல்ல மனிதர்தான். கேள்வியும் நியாயமான கேள்விதான்.

அதன் பிறகு நாற்பத்தைந்து நாள் ஒரு வகுப்புக்குப் போனேன். கூட உட்கார்ந்தவர்கள் எல்லாம் என் மகள் வயது. வாத்தியாரும் என் மகள் வயதுதான். ஆனால் அங்கேதான் சார் எனக்குக் கண் திறந்தது. இணையத்தில் விளம்பரம் போட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தொட்டார்கள், எந்த ஊர், எத்தனை நிமிடம் நின்றார்கள், எல்லாம் எண்ணாக வந்து நிற்கிறது. அந்த ஜவுளிக்கடைக்காரருக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

போன பிப்ரவரியில் இங்கே சேர்ந்தேன். முதலாளி சென்னியப்பன் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “அளக்க முடியுமுங்களா?”

“ஒவ்வொரு ஆளையும் அளக்கலாம்” என்றேன்.

அளக்கிறது எப்படி என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் புரியாது. டிராக்கிங் கோட் என்று ஒன்று. ஏழெட்டு வரி ஆங்கிலம். அதை நம்முடைய வெப்சைட்டின் வயிற்றுக்குள் ஒட்டிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாது. நம் விளம்பரத்தைத் தொட்டு ஒருவர் உள்ளே வந்தால் அவருடைய போனிலோ கம்ப்யூட்டரிலோ அது ஒரு அடையாளம் வைத்துவிடும், கல்யாண வீட்டில் சந்தனம் வைக்கிற மாதிரி. பிறகு அவர் ‘மெஷின் வேண்டும்’ என்ற படிவத்தை நிரப்பினால் ‘நன்றி, விரைவில் அழைக்கிறோம்’ என்று ஒரு பக்கம் வரும். அந்த நன்றிப் பக்கம் திறந்தால் ஒன்று என்று எண்ணும். நெற்றியில் சந்தனம் இருந்தால் அந்த ஒன்று விளம்பரக் கணக்கில் போய் விழும். அவ்வளவுதான். இதில் மனுஷன் கை பட இடமே இல்லை.

முதல் மாதம் பதினொன்று வந்தது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “பதினொண்ணா? என்ற மச்சான் கடை மூடினன்னிக்கே அதவிட அதிகம் பேரு வந்தாங்களே” என்றார்.

அங்கே திலகவதி அக்கா என்று ஒருவர். போன் எடுக்கிறவர். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி, அதே லேண்ட்லைன், அதே நம்பர். ஒரு நீள நோட்டு வைத்திருப்பார். போன் வந்தால் அதில் எழுதுவார். பெயர், ஊர், போன் நம்பர், எத்தனை முட்டை மெஷின். கடைசியில் ஒரு கட்டம், ‘எப்படித் தெரியும்’ என்று. நம்மைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று கேட்டு எழுதுவார்.

எனக்கு நோட்டு என்றாலே ஆகாது சார். ஒரே கம்பெனிக்கு வருகிற விசாரணை இரண்டு இடத்தில் எதற்கு? “அக்கா, நோட்ட மூடுங்க. இனிமே போன்ல வர்றதையும் வெப்சைட்ல இருக்கற படிவத்துலயே ஏத்திருங்க. எல்லாம் ஒரே எடத்துல இருக்கும்” என்றேன். ஒழுங்குக்காகத்தான் சொன்னேன். வேறு ஒரு எண்ணமும் இல்லை.

அவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, “கடைசிக் கட்டத்தக் காணமே குணசீலன்” என்றார்.

“அது தேவையில்லக்கா. எப்படி வந்தாங்கன்னு சிஸ்டமே கண்டுபிடிச்சிரும்.”

“போன்ல பேசற ஆளு எப்படி வந்தாருன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?”

நான் சிரித்துவிட்டேன். படிக்காதவர் கேட்கிற கேள்வி என்று நினைத்தேன். உண்மையில் அவர் பி.காம்.

அடுத்த மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு நான் வரிசையாகச் சொல்கிறேன், அதனால் தெரிகிறது. எனக்கு யாரும் வரிசையாகச் சொல்லவில்லையே. நான் பார்த்தது திரையில் ஒரு கோடு. பதினொன்றிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு நேராக மலை ஏறுகிற கோடு. எல்லாம் விளம்பரக் கணக்கில். அதே மாதம்தான் விளம்பரத்தில் வாசகத்தை நான் மாற்றியிருந்தேன். ‘அடைக்கோழி இல்லையா? கவலை இல்லை’ என்று. வாசகம் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

முதலாளி அந்தக் கோட்டைக் கலரில் அச்சடித்து, சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். தினமும் ஊதுபத்தி முருகனுக்குக் காட்டிவிட்டுக் கோட்டுக்கும் ஒரு சுற்று. உற்பத்தியாளர் சங்கக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். “இவருதான் நம்ம சாரு. எந்த ஊர்ல எவன் முட்டையக் கையில எடுத்தாலும் இவருக்குத் தெரிஞ்சிரும்.” கைதட்டினார்கள். இருபத்திரண்டு வருடம் நாளிதழில் இருந்தவனுக்கு ஒரு கைதட்டு கிடையாது சார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இனி வையாபுரியைச் சொல்ல வேண்டும். இப்போது அவர் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

வையாபுரி எங்கள் கம்பெனியின் காலண்டர் ஆள். வேறு வேலையும் உண்டு, மெஷின் ரிப்பேர் என்றால் போவார். ஆனால் முக்கியமான வேலை காலண்டர்தான். பதினான்கு வருடம். நாமக்கல், சேலம், கரூர், தர்மபுரி, எல்லாம் டவுன் பஸ்ஸில். தீவனக் கடை, மாட்டு மருந்துக் கடை, டீக்கடை, சலூன். பன்னிரண்டாயிரம் காலண்டர். கொடுத்துவிட்டு வரமாட்டார். ஆணி எங்கே என்று கேட்டு, இல்லாவிட்டால் தானே அடித்து, மாட்டிவிட்டு வருவார். பையில் ஒரு சுத்தியல் எப்போதும் இருக்கும்.

அந்தப் பொரிக்கும் நாள் வரி அவர் யோசனைதான். இருபத்தொரு நாள் கணக்கு. முந்நூற்று அறுபத்தைந்து தாளுக்கும் உட்கார்ந்து எழுதி அச்சகத்துக்குக் கொடுப்பார். பொதுவாகத் தேதித் தாள் எல்லாக் கடைக்கும் ஒன்றுதான் சார், அட்டையில்தான் பெயர் மாறும். எங்களுடையதுக்கு மட்டும் தாளே தனியாக அச்சாகும். பன்னிரண்டாயிரம் என்பதால் செய்து கொடுத்தார்கள். அதுவும் ஆகஸ்டிலேயே சொன்னால்தான்.

ஆகஸ்டில் வையாபுரி தாள் கணக்கோடு முதலாளி அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

“வையாபுரி, பன்னெண்டாயிரம் குடுக்கறீங்க. எத்தன பேரு பாக்கறாங்க?”

அவர் என்னையே பார்த்தார். “மாட்டின எடத்துல இருக்குதுங்க. போயி எண்ணிட்டு வாங்க.”

“அது நீங்க மாட்டினது. பாத்தது எத்தன?”

அந்தப் பதில் யாரிடம் இருக்கும்?

முதலாளி சுவரில் இருந்த கோட்டைக் காட்டினார். “ஏப்பா, இதப் பாரு. இத்தன பேரும் கம்ப்யூட்டர் வழியாத்தான் வர்றாங்க. இன்னும் ஆணி அடிச்சிட்டுத் திரிஞ்சா நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க.”

“அப்ப நானுங்க?”

அந்த அறையில் ஏசி சத்தம் கொஞ்சம் அதிகம். வையாபுரி சுத்தியலை எடுத்து மேசைமேல் வைத்தார், கம்பெனிச் சுத்தியல் என்று. முதலாளி, “அட, எடுத்துட்டுப் போப்பா” என்றார். எடுக்கவில்லை. இன்னும் அது என் அலமாரியில்தான் இருக்கிறது.

நான் அவர் வேலையை எடுக்கவில்லை சார். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு எண்ணைக் காட்டினேன். முடிவு எடுத்தது முதலாளி.

அக்டோபரில் திலகவதி அக்கா எட்டு நாள் லீவு போட்டார். மகளுக்குப் பிரசவம், ஈரோட்டில். அந்த எட்டு நாளும் விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரையில் மட்டும் கோடு தரையோடு படுத்துவிட்டது. முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாள் பூஜ்யம். மூன்றாம் நாள் ஒன்று வந்தது. அது பெங்களூரில் யாரோ பழக்கூடை கேட்டு வந்தவர்.

ஆனால் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து அறையில் பேக்கிங் ஆட்கள் யார் யாரோ எடுத்து, கிடைத்த அட்டையில் எல்லாம் எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் என் திரையையும் அந்தப் போனையும் மாறி மாறிப் பார்த்தேன்.

பிறகு அந்த எண்ணிக்கைக்கு உள்ளே போய்ப் பிரித்துப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே பார்த்திருக்க வேண்டியது, ஆனால் வந்துகொண்டிருக்கிற எண்ணை யார் சார் பிரித்துப் பார்க்கிறார்கள்? அத்தனை முந்நூறு பேரும் ஒரே ஊர், நாமக்கல். ஒரே கம்ப்யூட்டர். ஒன்பதரைக்கு வருகிறார்கள், ஐந்தரைக்குப் போகிறார்கள், ஒன்று முதல் ஒன்றரை வரை சாப்பாட்டுக்குப் போகிறார்கள்.

அக்கா ஈரோட்டிலிருந்து திரும்பியதும் கேட்டேன். “அக்கா, காலைல வந்ததும் படிவத்த எப்படித் தொறப்பீங்க?”

“இதென்னங்க கேள்வி? இணையத்துல தேடற எடத்துல நம்ம கம்பெனிப் பேர அடிப்பேன். மேல முதல்ல வரும், அதத் தொடுவேன்.”

மேலே முதலில் வருவது எது தெரியுமா? நம் விளம்பரம். தினமும் காலையில் வந்ததும் விளம்பரத்தைத் தொட்டு நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் போனில் வருகிற அத்தனை பேரையும் அந்த ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். அத்தனையும் விளம்பரக் கணக்கில். அவர் பேரில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் நேராக வெப்சைட் முகவரியை அடித்து வந்திருக்கலாம். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.

“அந்தப் பழைய நோட்டு இருக்குங்களாக்கா?” என்றேன்.

எடுத்துக் கொடுத்தார். கடைசிக் கட்டத்தை மட்டும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். காலண்டர். காலண்டர். காலண்டர். சொந்தக்காரர் சொன்னார். காலண்டர். காலண்டர். சலூனில் காலண்டர். காலண்டர்.

“ஏனுங்க, நான் ஏத்தறதெல்லாம் உங்க எண்ணிக்கைல வருதுங்களா?” என்று கேட்டார் அக்கா. கூர்மையான பெண்மணி.

“அது வேற எண்ணிக்கைக்கா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

முதலாளியிடம் சொல்லப் போனேன் சார், சொல்லாமல் இல்லை. மறுநாளே போனேன். “முதலாளி, அந்த எண்ணிக்கைல ஒரு சின்னத் திருத்தம்” என்று ஆரம்பித்தேன்.

“ஏறிருச்சுங்களா?”

“இல்லீங்க, வந்து...”

“குணசீலன், நேத்துத்தான் என்ற பங்காளி வந்துட்டுப் போனாரு. வையாபுரிய ஏன் நிறுத்தினேன்னு சண்ட. நான் சொன்னேன், நான் எண்ண நம்பறவன், ஆள நம்பறவன் இல்லன்னு. வாயடச்சுப் போயிட்டாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “நீங்க சொல்லுங்க, என்ன திருத்தம்?”

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கு ஐம்பத்தொன்று. நாற்பத்தைந்து நாள் வகுப்பு இன்னொரு தடவை போக முடியாது. “கலர்ங்க. கோட்டுக்குக் கலர மாத்தலாம்னு பாத்தேன்” என்றேன்.

பச்சை போடச் சொன்னார். போட்டேன்.

ஆனால் அறையை விட்டு வெளியே வந்ததும்தான் முழுசாகப் புரிந்தது. இந்த வருடக் காலண்டர் டிசம்பர் முப்பத்தொன்றோடு கிழிந்து முடிகிறது. அடுத்த வருடத்துக்கு அச்சடிக்கவில்லை. சுவரில் காலண்டர் இல்லையென்றால் போன் இல்லை. போன் இல்லையென்றால் அக்கா ஏற்றப் படிவம் இல்லை. படிவம் இல்லையென்றால் கோடு இல்லை. பொங்கலுக்குள் பச்சைக் கோடு கீழே வந்துவிடும். ஏன் என்று கேட்பார். நான் அளக்கிறவன், என்னைத்தானே கேட்பார்.

அதனால்தான் சார் இந்தக் கட்டு. என் கைக்காசில் சேலத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் ஆயிரம் அடித்தேன். முதலாளிக்குத் தெரியாது. மனைவிக்கும் தெரியாது, கட்டிலுக்கு அடியில் இருப்பது கம்பெனிச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இணைய விளம்பர மேலாளர், டவுன் பஸ்ஸில்.

இதில் ஒரு நல்ல வேலையும் செய்தேன். அட்டையின் மூலையில் ஒரு சதுரம் பாருங்கள், புள்ளி புள்ளியாக. போன் கேமராவைக் காட்டினால் நேராக நம் வெப்சைட்டுக்குப் போகும், விளம்பரம் வழியாக வந்த மாதிரியே எண்ணும். அதாவது, இனிமேல் காலண்டரைப் பார்த்து வருகிறவர்களும் உண்மையாகவே என் கணக்கில் வருவார்கள். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

இதுவரை எத்தனை பேரா? இரண்டு. இரண்டும் நான்தான், வேலை செய்கிறதா என்று பார்த்தேன்.

இப்போது பிரித்துப் பாருங்கள். தேதிக்குக் கீழே பாருங்கள். இல்லை, அல்லவா? ஆயிரத்துக்கு எவனும் தனித் தாள் அடித்துத் தரமாட்டான், அதுவும் நவம்பரில். பொதுத் தாள். ராகு காலம் இருக்கிறது, எமகண்டம் இருக்கிறது, பொரிக்கும் நாள் இல்லை. போன ஞாயிறு ராசிபுரத்தில் ஒரு தீவனக் கடை. அந்த அம்மா நான் கொடுத்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, பொரிப்பு எங்கீங்க?” என்றார். “இந்த வருசம் இல்லீங்க” என்றேன். “அப்ப இது எதுக்குங்க எனக்கு? ராகு காலம்தான் நகைக்கடைக் காலண்டர்லயே இருக்குதே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதோடு விட்டாரா? “வையாபுரியண்ணன் ஒடம்புக்கு ஏதும் முடியலீங்களா?” என்று வேறு கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். எனக்கென்ன தெரியும்? ஆகஸ்டுக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

எந்தக் கடைக்குப் போனாலும் இந்தக் கேள்விதான். வையாபுரியண்ணன் வரலீங்களா? சுவரில் அவர் அடித்த ஆணி இருக்கும். அதில் என் காலண்டரை மாட்ட விடமாட்டார்கள்.

பார்த்துக்கொள்ளுங்கள், பை சாய்கிறது. நன்றி.

சரி, இவ்வளவுதானே, சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வெள்ளிக்கிழமை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். கையில் நான் எடுத்துக் கொடுத்த எண்கள். “நம்மகிட்ட வர்றதெல்லாம் ஆன்லைன்லதான் வருது. இதுல போன் வழின்னு ஒண்ணே ஒண்ணு கூடக் காட்டல. அப்பறம் எதுக்கு ஒரு லேண்ட்லைன், அதுக்கு ஒரு நாற்காலி? திங்கக்கிழமை லைனத் திருப்பிக் குடுத்தர்றோம்” என்றார்.

படிவத்தில் ‘எப்படித் தெரியும்’ கட்டம் இல்லை. அதனால் போன் வழி என்று ஒன்றுகூடக் காட்டாது. காட்டவே காட்டாது.

திலகவதி அக்கா எழுந்து நின்றார். “மொதலாளி, நான்?”

“உங்களுக்கென்னக்கா, பேரன் பொறந்திருக்கான். ஈரோட்டுல போயி சந்தோசமா இருங்க.”

அக்கா முதலாளியைப் பார்க்கவில்லை சார். என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சுவரில் இருக்கிற அந்தப் பச்சைக் கோட்டில் ஒவ்வொரு புள்ளியும் அவர் விரலால் ஏற்றியது. அந்தக் கோட்டைக் காட்டித்தான் அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரிதான் இருந்தது. நான் சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ.

நான் என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ மெசேஜ் வந்திருந்தது.

நாளைக்குத் திங்கட்கிழமை. பத்து மணிக்கு லைனை எடுக்க ஆள் வருகிறான். லைன் போனால் மெஷின் கேட்கிறவர்கள் கூப்பிடுவது யாருக்கும் கேட்காது. கோடு மறுநாளே பூஜ்யம். அக்காவுக்கு வேலை இல்லை, எனக்கு வேலை இல்லை, ஒரு ஆறு மாதத்தில் கம்பெனியும் இருக்குமா என்று தெரியாது. ஷெட்டில் இருபத்தாறு பேர் தகரம் வெட்டுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கோட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

அதனால்தான் வையாபுரி வீட்டுக்குப் போகிறேன். யோசித்துத்தான் முடிவெடுத்தேன். அவர் போய் முதலாளியிடம் சொன்னால் முதலாளி கேட்பார், பழைய ஆள். அந்த நோட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ‘மொதலாளி, இதுல எல்லாம் காலண்டர்னுதான் இருக்குது, போன எடுக்காதீங்க’ என்று சொன்னால் போதும். கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், என் பேரை இழுக்க வேண்டாம். அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும். அக்கா இருப்பார். நானும் இருப்பேன். எல்லோருக்கும் நல்லதுதானே? அவருக்கு நான் இதைச் செய்து கொடுக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

என்ன சார், அப்படிப் பார்க்கிறீர்கள்?

இல்லை, நீங்கள் கேட்கிறது எனக்குப் புரிகிறது. அவர் கதவைத் திறந்ததும் முதல் வார்த்தை என்ன சொல்வேன் என்று கேட்கிறீர்கள். அதைத்தான் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘வையாபுரி, சௌக்கியமா’ என்று ஆரம்பிக்கலாம். அப்புறம்? அவர் ‘எத்தன பேரு பாத்தாங்க, எண்ணிட்டு வந்தீங்களா’ என்று கேட்டால்? கேட்பார். நானாக இருந்தால் கேட்பேன். சுத்தியலையாவது எடுத்து வந்திருக்கலாம். மறந்துவிட்டேன்.

கண்டக்டர் என்ன சொல்கிறார்? புதுச்சத்திரமா? அதற்குள்ளாகவா?

அதோ பாருங்கள், அந்த மருந்துக் கடை சுவரில் தெரிகிறதே, அது நம்முடையதுதான். இந்த வருடத்தது. கடைசி நாலைந்து தாள்தான் இருக்கும். அதற்குப் பக்கத்துச் சந்தில்தான் அவர் வீடு. நீல கேட்.

நீங்கள் எழுந்து வழி விட வேண்டாம் சார். உட்காருங்கள். இறங்குகிறவர்கள் இறங்கட்டும். இந்தக் கட்டோடு கூட்டத்தில் இடித்துக்கொண்டு இறங்க முடியாது. அடுத்து ஆண்டகளூர் கேட்டில் இறங்கி, எதிர்ப் பஸ்ஸில் திரும்பி வந்துகொள்ளலாம். அவசரம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரம், இப்போது போய்த் தட்டினால் அவரும் என்ன நினைப்பார்?

விசில் கொடுத்துவிட்டார். கிளம்பிவிட்டது.

சார், உங்களிடம் ஒன்று கேட்கலாமா? நீங்கள் எனக்கு யாரோ. உங்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. இந்தக் காலண்டரை வைத்துக்கொள்ளுங்கள், மாட்ட வேண்டாம், திருப்பியும் தர வேண்டாம். அட்டையில் கீழே பெரிய எழுத்தில் ஒரு நம்பர் இருக்கிறது. மூலையில் இருக்கிற சதுரத்தை விடுங்கள். நம்பருக்குப் போடுங்கள். நாளைக்குக் காலையில். முதலாளி சரியாக ஒன்பதரைக்கு அக்கா மேசைக்குப் பக்கத்தில் நின்றுதான் டீ குடிப்பார், அந்த நேரத்துக்குப் போட்டால் அவர் காதிலும் விழும். மெஷின் வாங்க வேண்டும் என்று இல்லை, சும்மா விலை கேளுங்கள். எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். அந்தக் கட்டத்தை நான் எடுத்துவிட்டேன். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள், காலண்டரில் பார்த்தேன் என்று.

உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களையும் போடச் சொல்லுங்கள்.

பத்து மணிக்குள் போட்டுவிடுங்கள் சார். அதற்கு மேல் போட்டால் அடிக்கும், எடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.